நாங்க பார்த்த மெம்பிஸ்

மேல்மாடியில் குடியிருக்கும் பெண் போன வாரம் கதவைத் தட்டி, ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்கும் காந்தப் பொம்மை ஒன்றை என் கையில் கொடுத்தாள். கம்பெனி வேலையாக இரண்டு மாதம் அமெரிக்கா போய் வந்தவள். சத்துவாச்சாரியில் எங்கள் கட்டடத்தில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் ஏதாவது வாங்கி வந்திருக்கிறாள். கீழ்வீட்டுக்குச் சாக்லெட், எங்களுக்கு இது. கிடார் போல உருவம், வெளிர் நீல வண்ணம், நடுவில் ஊர்ப் பெயர்.

"மெம்பிஸ்னு ஒரு ஊர் அங்கிள். ஆத்தங்கரை ஊர். எந்தத் தெருவுல நடந்தாலும் பாட்டுதான். கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

யோசிக்காமல் ஒரு பதில் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டு அவள் விழித்தாள். சமையலறையிலிருந்து என் மனைவி கரண்டியோடு வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள். என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் இந்தக் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நீங்களும் நினைப்பீர்கள்.

அவள் போன பிறகு பொம்மையை முகர்ந்து பார்த்தேன். எதையும் முதலில் முகர்ந்து பார்ப்பது ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர்களின் கெட்ட பழக்கம். என் மனைவி கல்யாணமான புதிதில் இதைக் கண்டு பயந்தே போனாள், வைத்த குழம்பில் ஏதோ குற்றம் கண்டுபிடிக்கிறேன் என்று. பொம்மையில் பெயின்ட் வாசனை மட்டும்தான் இருந்தது. ஆனால் அந்த நீலம் என்னை விடவில்லை. அது எங்கள் நீலம்.

உங்களுக்கு நீலம் என்றால் வானமோ கடலோ ஞாபகம் வரலாம். எங்களுக்குத் தோல்தான் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த அறுபதுகளின் தொடக்கத்தில் பெரும்பாலான டேனரிகளில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும்தான் தோலைப் பதப்படுத்துவார்கள். தோல் பழுப்பாக வரும், அந்த வாசனை சட்டையில் ஏறினால் சலவைக்குப் போட்டாலும் இறங்காது. அப்புறம்தான் குரோம் உப்பு வந்தது. பெரிய மரப் பீப்பாயில் தோலையும் மருந்தையும் போட்டுச் சுற்றவிட்டால் தோல் வெளிர் நீலமாக, ஈரமாக வெளியே வந்து விழும். அந்தப் பீப்பாய்க்கு டிரம் என்று பெயர். அந்தத் தோலுக்கு ப்ளூ என்று பெயர். "ப்ளூ வந்துச்சா?" "ப்ளூ காயுது பாரு, தண்ணி தெளி" என்று நாள் முழுக்க அதே பேச்சாக இருக்கும். ப்ளூவில் வேலை செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. அந்த மிதப்போடு நடமாடியவர்களில் முதல் ஆள் ஜமீல்.

ஜமீல் என் தோஸ்த். நான் குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் வீட்டுப் பையன். ஆம்பூரில் வாழ்க்கைப்பட்ட அக்கா வீட்டில் தங்கித்தான் ஹைஸ்கூல் படித்தேன். முதல் நாளே வாத்தியார் எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார். அதற்குப் பிறகு எங்களை யாரும் பிரித்து உட்காரவைக்கவில்லை. படிப்பு முடிந்ததும் ஒரே டேனரிக்கு வேலைக்குப் போனோம். அவன் ப்ளூ செக்‌ஷனுக்கு, நான் ஆபீசில் டைப் அடிக்க.

ஜமீல் வீட்டில் உருது பேசுவார்கள். தமிழ் அவனுக்குத் தெருவில் கிடைத்தது. நன்றாகவே பேசுவான், ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்குவான். "நாங்க சினிமாவுக்குப் போலாமாடா?" என்று என்னைக் கேட்பான்.

"நீ யார்கூடனா போ. என்ன ஏன் கேக்கற?" என்பேன்.

"உன்கூடத்தான்டா."

"அப்ப நாம்பன்னு சொல்லு. நாங்கன்னா நான் அதுல இல்ல. நீயும் உங்க அண்ணனும். நாம்பன்னாதான் நானும் சேர்த்தி."

"எங்க ஊட்ல ரெண்டுக்கும் ஹம்தான். இன்னாடா ஒரு வார்த்தைக்கு இவ்ளோ பேஜார் பண்றீங்க?"

நான் விடவில்லை. அவன் 'நாங்க' என்று தப்பாகச் சொல்லும்போதெல்லாம் காது கேளாதவன் போல நடந்துகொண்டே இருப்பேன். பின்னாலேயே ஓடிவந்து, "சரி, நாம்ப, நாம்ப, போதுமா!" என்று கத்துவான். அந்தச் சத்தம் கேட்க எனக்குப் பிடிக்கும். அதற்காகவே சில சமயம் அவன் சரியாகச் சொன்னாலும் காதில் விழாத மாதிரி நடந்திருக்கிறேன். ஒரு வருஷத்தில் தப்பே இல்லாமல் பேசக் கற்றுக்கொண்டான்.

லீவு நாளில் ஊர் பார்க்கக் கிளம்புவோம். அப்போது ஊர் பார்ப்பது என்றால் சைக்கிளில் ஒருவன் மிதிக்க ஒருவன் பின்னால் உட்கார்ந்து பள்ளிகொண்டா வரை போவது, அல்லது பாசஞ்சர் வண்டி பிடித்து வேலூருக்குப் போய்க் கோட்டை அகழியைச் சுற்றி நடப்பது. அகழியில் ஒன்றும் இருக்காது, பாசியும் நாலு வாத்தும்தான். ஆனாலும் அதை நாங்கள் ஒவ்வொரு தடவையும் முழுசாகச் சுற்றுவோம். பார்த்ததையே பார்த்துவிட்டு, பேசியதையே பேசிவிட்டு, கடைசி வண்டியில் திரும்புவோம். வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எங்கள் வாசனை தாங்காமல் தள்ளி உட்காருவார்கள். எங்களுக்கு அது சௌகரியமாக இருந்தது, காலை நீட்டிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் எங்களிடம் தோல் வாங்கும் கம்பெனி ஒன்று, ஆறு மாதம் அவர்கள் ஃபேக்டரியில் வேலை பழக ஓர் ஆளை அனுப்பச் சொன்னது. மேனேஜர் எங்கள் இருவரையும்தான் கூப்பிட்டார். எனக்கு இங்கிலீஷ் வரும், ஜமீலுக்கு வேலை வரும். என்னை ஒரு பார்வை, அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ப்ளூ தெரிஞ்சவன் போவட்டும். நீ அவனுக்கு பாஸ்போர்ட் பேப்பர் டைப் அடி" என்றார்.

டைப் அடித்தேன். ஒரு எழுத்துகூடப் பிழையில்லாமல் அடித்தேன். அடிக்கும்போது ஒவ்வொரு கட்டையும் என் நெஞ்சில் விழுந்தது என்றால் மிகையாகத் தெரியும், ஆனால் அப்படித்தான் இருந்தது. காட்பாடி ஸ்டேஷனில் பம்பாய் வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாம்ப ரெண்டு பேரும் ஒருநாள் போலாம்டா" என்றான். வார்த்தையைச் சரியாகச் சொல்லிவிட்டானே என்று பெருமையாக இருந்தது. வண்டி போனதும் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து ஒரு பாட்டம் பொறாமைப்பட்டேன். வெள்ளைக்காரன் ஊர், விமானம், கோட்டு எல்லாவற்றின் மேலும் பொறாமை. அது சாதாரணப் பொறாமை. அதற்குப் பிறகு வந்ததைப் பார்க்கும்போது அதைப் பொறாமை என்று சொல்வதுகூடத் தப்பு.

திரும்பி வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். எனக்கு ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கி வந்திருந்தான். தோல் ஊரில் வேலை பார்த்த எனக்கு ஷூ கிடையாது என்பது அவனுக்குத் தெரியாதா? "ஷூ வாங்கிக்கடா" என்றான். அவன் சட்டைப் பையில் ஒரு மவுத் ஆர்கன் எட்டிப் பார்த்தது. யார் கொடுத்தது என்று நான் அப்போது கேட்கவில்லை.

டேனரிக்கு எதிரே இருந்த டீக்கடையில்தான் அவன் அமெரிக்காவை விரித்தான். பெஞ்சு நிறைய ஆள், உட்கார இடமில்லாதவர்கள் சுற்றி நின்றார்கள். நான் அவன் பக்கத்தில், எனக்கென்று இருந்த இடத்தில்.

"ஃபேக்டரி இருந்தது சின்ன ஊருதான். லீவு உட்டா மெம்பிஸ். பஸ் புடிச்சி நாங்க போய்டுவோம். மொதல்ல ஆறு பாக்கப் போனோம். இன்னா தண்ணின்ற! அந்தக் கரை சரியாவே தெரியல. நாங்க ஒரு கப்பல் பாத்தோம், பின்னாடி ராட்டினமாட்டம் சக்கரம் சுத்துது..."

எதிரே பாலாறு மணலாகக் கிடந்தது. எல்லோரும் ஆற்றைப் பற்றி வாய் பிளந்துகொண்டிருந்தார்கள். எனக்கு ஆறு காதில் விழவில்லை. 'நாங்க' மட்டும் விழுந்தது.

பழைய சறுக்கல் திரும்பிவிட்டதோ என்று ஒரு நப்பாசை. சோதித்துப் பார்த்தேன். "வர்ற லீவுக்கு வேலூர் போறதாடா?" என்று நடுவில் கேட்டேன். "நாம்ப போலாம்டா, இரு, இத சொல்லி முடிச்சிடறேன்" என்றான். இலக்கணம் சுத்தம். நான்தானே சொல்லிக் கொடுத்தேன்! நான் கற்றுக்கொடுத்த தமிழிலேயே அவன் என்னை வெளியே நிறுத்திவிட்டான். மற்ற மொழிக்காரன், தன் நண்பன் வெளியூர் போய் வந்து கதை சொன்னால் அதில் தானும் இருப்பதாகக் கொஞ்ச நேரமாவது நினைத்துக்கொள்ளலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. நம் மொழி வாசலிலேயே ஆளை நிறுத்திக் கேட்டுவிடும், நீ உள்ளேயா வெளியேயா என்று.

"நாங்கன்னா யாரு?" என்று கேட்டேன்.

"நானும் வில்லியும்."

பெஞ்சில் ஒரே சிரிப்பு. நம் சினிமாவில் வில்லி என்றால் யார் என்று உங்களுக்கே தெரியும். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன், மற்றவர்களைவிட அதிகமாகவே. கடவுள் பார்த்து வைத்த பெயர். ஆம்பிளை என்றும், கறுப்பு இனத்தவன் என்றும், ஃபேக்டரியில் டிரம் ஓட்டுகிறவன் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் டிரம் அடிக்கிறவன் என்றும் ஜமீல் விளக்கினான்.

"ஓட்றானா, அடிக்கிறானா?" என்றார் டீ ஆற்றுகிறவர்.

"வாரம் பூரா அதுல தோல் போட்டு ஓட்டுவான். ஞாயித்துக்கெழமன்னா இதுல தோல் கட்டி அடிப்பான். ரெண்டுத்துக்கும் பேரு டிரம்தான்."

மவுத் ஆர்கன் வில்லி கொடுத்தது. தங்கியது வில்லியின் சித்தி வீட்டில். அந்த ஊரில் எதற்கெடுத்தாலும் பன்றிக்கறி என்பதால் ஜமீலுக்காக அந்தச் சித்தி தனிச் சட்டியில் மீன் பொரித்திருக்கிறாள். இப்படி ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. வில்லிக்கு ஒரு சித்தி இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஜமீல் என் அக்கா வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டை எல்லாம் அவனிடம் எப்போதாவது சொன்னானா என்று கேட்க நாக்கு துடித்தது.

ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்ததையும் சொன்னான். "கடைக்காரன் வில்லிய பாக்கறான், என்னய பாக்கறான், என்னய எந்தக் கணக்குல சேக்கறதுன்னு தெரியாம முழிக்கறான். இப்ப சட்டம் வந்துடுச்சாம், யாரு வேணா எங்க வேணா குந்தலாமாம். ஆனா அவன் மூஞ்சிக்கு இன்னும் சட்டம் வரல." டீக்கடைக்கு வெளியே, தன் தனி கிளாஸோடு நின்றுகொண்டிருந்த, பச்சைத்தோல் மூட்டை இறக்கும் ஆள், "அங்கயுமா?" என்றார். எல்லோரும் அடுத்த கதைக்கு ஜமீல் முகத்தையே பார்த்தார்கள். எனக்கும் அன்றைக்கு அது உறைக்கவில்லை. என் மனசு முழுக்க வேறு வேலையில் இருந்தது.

அப்புறம் அந்தக் கதையைச் சொன்னான். பின்னால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பிரசித்தி பெற்ற கதை.

"ஒரு தெருவுல நடந்துனு இருக்கோம். ஞாயித்துக்கெழம, சாயங்காலம். சுவத்துல பெருசா போர்டு, ப்ளூஸ்னு. கீழ அம்புக்குறி போட்டு ஒரு படிக்கட்டு எறங்குது. நான் வில்லிகிட்ட கேட்டேன், 'இன்னாப்பா, லீவு நாள்ல கூட ப்ளூ விக்கறாங்க? மாட்டுத்தோலா ஆட்டுத்தோலா?'ன்னு. அவன் அப்டியே பிளாட்பாரத்துல குந்திட்டான்டா. சிரிக்கறான், சிரிக்கறான், கண்ல தண்ணி கொட்டுது. அவனும் ப்ளூ காரன்தானே, அவனுக்குப் புரிஞ்சிடுச்சி. அப்புறம் கைய புடிச்சி கீழ கூட்டினு போய்ட்டான். பாத்தா, பாட்டு! ப்ளூஸ்னா அங்க பாட்டாம். ஒரு குண்டு அம்மா பாடறாங்க. வார்த்த ஒண்ணும் புரியல. ஆனா யாரோ அவங்கள உட்டுட்டு போய்ட்டான், அது மட்டும் நல்லா புரிஞ்சிது. வில்லி போய் அவங்க காதுல என் கதய சொல்லிட்டான். அவங்க மைக்ல, 'அடுத்த பாட்டு இந்தியாவுல இருந்து தோல் வாங்க வந்திருக்கிற அய்யாவுக்கு'ன்னு சொல்லிட்டு பாடனாங்க. எல்லாரும் கைய தட்றாங்க!"

டீக்கடையே கை தட்டியது. நான் தட்டவில்லை. விமானம் போகட்டும், ஆறு போகட்டும். அந்தத் தப்பு என்னுடையது ஐயா! அந்தப் போர்டைப் பார்த்து அப்படிக் கேட்கக்கூடியவர்கள் இந்த உலகத்தில் எங்கள் பக்கத்து டேனரிக்காரர்கள்தான். நான் அங்கே நின்றிருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். ஒரே சமயத்தில் இருவரும் கேட்டிருப்போம். அந்தப் பிளாட்பாரத்தில் ஜமீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரிக்க வேண்டியவன் நான். என் இடத்தில் வில்லி உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அந்தக் கதையை எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. புது ஆள் வேலைக்குச் சேர்ந்தால் கதை. வெளியூர் வியாபாரி வந்தால் கதை. கேட்கப் பிடிக்காமல் எழுந்து போனதே இல்லை. பல்வலிக்காரன் நாக்கால் அந்தப் பல்லையே தொட்டுக்கொண்டிருப்பது போல நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஜமீலுக்கோ வருஷம் ஆக ஆகக் கதை கலங்கியது. எதையாவது மாற்றிச் சொன்னால் நான் திருத்துவேன். "மேல ஏறலடா, கீழ எறங்கறது." "அந்தம்மா பச்சை கவுன்னு சொன்னியே, இப்ப செவப்புன்ற?" அவனும் சந்தேகம் வந்தால் என் பக்கம் திரும்பி, "பஸ்ல போனதா, ரயில்ல போனதா?" என்பான். "பஸ்" என்பேன். போகாத ஊருக்கு வழி சொல்லும் வேலை எனக்கு எப்படியோ வாய்த்துவிட்டது. வில்லி இருந்திருந்தால் அவன் செய்திருப்பான். அவன் இல்லாததால் நான்.

ஜமீலுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் நான் ஷூ வாங்கினேன், அந்த சாக்ஸைப் போட்டுக்கொள்ள. மாப்பிள்ளை வீட்டார் வைக்கும் வலிமா விருந்துக்குப் போனால் பந்தலில் ஜமக்காளம் விரித்திருக்கிறது, வாசலிலேயே ஷூவைக் கழற்றியாக வேண்டும். சாக்ஸ் காலோடு உள்ளே போனேன். ஒரு வகையில் நல்லதுதான், எல்லோரும் சாக்ஸைப் பார்த்தார்கள். ஜமீல் காலையிலிருந்து மாமனார் வீட்டாரோடு உருதுவிலேயே பேசிக் களைத்துப்போயிருந்தான். கம்பெனி ஆட்கள் சாப்பிட உட்கார்ந்ததும் எங்களோடு வந்து உட்கார்ந்தான். புதிதாக வந்திருந்த மேனேஜர், "மாப்ள, அந்த ப்ளூ கத சொல்லுங்க" என்றார்.

மாப்பிள்ளை ஆரம்பித்தார். நான் வழக்கம் போலத் திருத்துவதற்குத் தயாராகச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"ஒரு படிக்கட்டு, கீழ எறங்குது. கீழ ஒரே இருட்டு" என்றவன் நிறுத்தி என் பக்கம் திரும்பினான். "படி மரமா கல்லாடா? நாம்ப எறங்கனப்ப சத்தம் வந்துச்சே?"

என் கை அப்படியே நின்றது.

"மரம்" என்றேன்.

"ஆங், மரம். நாம்ப ரெண்டு பேரும் தடதடன்னு எறங்கறோம், அந்தம்மா பாட்ட நிறுத்திட்டு பாக்கறாங்க..."

கதை ஓடியது. அன்றைக்கு அதில் வில்லி வரவே இல்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சிரித்தவனும் வரவில்லை, காதில் போய்ச் சொன்னவனும் வரவில்லை. எல்லாம் நாம்ப. மேனேஜர் என்னைப் பார்த்து, "அட, நீங்களும் போயிருந்தீங்களா?" என்றார். நான் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். ஜமீலைத் திருத்தவில்லை. அவனைத் திருத்தாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

நாளெல்லாம் ஹம், ஹம் என்று பேசிய வாய் குழறியதா, அல்லது அந்த இருட்டுப் படிக்கட்டில் நிஜமாகவே நான் அவன் பக்கத்தில் வந்து நின்றுவிட்டேனா? எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால், "அச்சச்சோ, நாங்கடா!" என்று திருத்திக்கொண்டுவிடுவானோ என்று கேட்கவே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வில்லி மேல் எனக்கு இரக்கம் வந்தது. பாவம், எங்கேயோ உட்கார்ந்து அவனும் இதே கதையைத் தன் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருப்பான். இங்கிலீஷிலும் அதற்கு ஒரே வார்த்தைதான். அந்த இரக்கம் அரை நிமிஷம் இருந்தது, அப்புறம் பிரியாணியை ஒரு பிடி பிடித்தேன்.

டீக்கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் கடை இருக்கிறது. எங்கள் டேனரி கல்யாண மண்டபமாகிவிட்டது. ஒரு தடவை ஒரு கல்யாணத்துக்குப் போய் டிரம் இருந்த மூலையைத் தேடினேன், அங்கே கை கழுவும் குழாய் வரிசை. ரயிலில் யாரும் என்னைக் கண்டு தள்ளி உட்காருவதில்லை. ஜமீல் போய்ப் பல வருஷம் ஆகிறது. கடைசியாகப் பார்க்கப் போனபோது அவனால் பேச முடியவில்லை, நான்தான் அந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன், ஆற்றிலிருந்து கைதட்டல் வரை. ஒரு இடத்தில்கூட அவன் திருத்தவில்லை.

இப்போது, அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில். "கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றுதானே கேட்டாள்? "நாங்க போயிருக்கோம்மா" என்றேன்.

"ஆன்ட்டியும் நீங்களுமா?" என்றாள் அவள்.

"நான் இல்லம்மா. இவுரு காட்பாடி தாண்டுனாலே வயித்த வலிக்குதும்பாரு. இவுரு எங்க போனாரு?" என்றாள் என் மனைவி. அவளும் அந்தக் கதையை ஜமீல் வாயாலேயே கேட்டவள்தான். சொல்லிவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு கரண்டியோடு உள்ளே போய்விட்டாள்.

பொம்மை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அந்த நீலம் கண்ணில் படுகிறது. எதைக் கேட்டு நான் வயிறெரிந்தேனோ அந்த 'நாங்க'வை இப்போது நானே சொல்கிறேன். எனக்கும் அதில் சந்தோஷமில்லை. வேறு வழியும் இல்லை. நாம்ப என்று சொல்ல வேண்டுமென்றால் எதிரே ஜமீல் உட்கார்ந்திருக்க வேண்டும்.